பதினைந்து மில்லிமீட்டர் இதயம்

ஆம்பூர் பக்கத்தில் ஒருவன் தனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று சொன்னால் யாரும் பதறமாட்டார்கள். "எனக்கும்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்கள். தமிழ்வேந்தனும் பதினோரு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு டீ குடித்தான். துத்திப்பட்டு ரோட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. பதனிட்ட ஈரத் தோலை டிரம்மிலிருந்து உருவி, கட்டாக்கி, தோளில் போட்டு மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்க் கம்பியில் உலர்த்த வேண்டும். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அது வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்களுக்கு; அவர்கள் வராத நாளில் பூட்டியிருக்கும்.

நாற்பத்தாறாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவனுக்கு மூச்சு எட்டவில்லை. கட்டை இறக்கிப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். பின்னால் ஏறி வந்த ஹயாத் பாஷா நின்றான். இருவரும் பத்தொன்பது வருஷமாக ஒரே ஷிப்ட்.

"இன்னாண்ணா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுல்ல பாஷா. கொஞ்சம் பேஜாரா இருக்குது."

"குந்துண்ணா. நான் எட்த்துனு போறேன்."

தன் கட்டோடு வேந்தன் கட்டையும் தூக்கிக்கொண்டு பாஷா மேலே போனான். அந்த ஒரு நாளைக்கு என்று ஆரம்பித்தது நாலு மாதமாக நடந்தது. வேந்தன் தூக்கியது பாதி, பாஷா தூக்கியது ஒன்றரை. பாஷாவுக்கும் கொதிப்பு உண்டு. அதைப் பற்றி அவன் பேசமாட்டான், கேட்டால் சிரிப்பான்.

வேந்தனின் மனைவி பாக்யலட்சுமிக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. புருஷன் ராத்திரியில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு பஜார் தெரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே பிரஷர் நூற்றெழுபது வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். "இதயச் சதை எப்டி வேலை செய்யுதுன்னு எக்கோ எடுத்துப் பாக்கணும்மா. அதுவரைக்கும் மாடி ஏறி லோடு தூக்கறத நிறுத்தியே ஆகணும்" என்றார். மற்றதெல்லாம் பாக்கியத்துக்கு மறந்துபோயிற்று, அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில் தோல் அளக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மெஷின் அளக்கும், நாற்காலியில் இருப்பவன் அளவை எழுதவேண்டும், அவ்வளவுதான். அந்த நாற்காலி கிடைத்தால் தன் புருஷன் பிழைத்துக்கொள்வான் என்று பாக்கியம் முடிவு கட்டிவிட்டாள். வேந்தனுக்கும் அந்த நாற்காலி கனவில் வர ஆரம்பித்தது. ஆனால் கம்பெனி ஆபீசில், கிளினிக் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெளி டாக்டர் சீட்டெல்லாம் செல்லாதுப்பா. பிரஷர் கேஸ்னா மையத்துல போய்த் தரச் சீட்டு வாங்கினு வா. அவங்க சொன்னா நாளைக்கே சேர்ல ஒக்காரு."

மையம் என்றால், பாலாற்றுப் பகுதித் தோல் தொழிலாளர் இதயத் தர நிர்ணய மையம். இப்படி ஒன்று ஏன் வந்தது என்று சொல்லாவிட்டால் மேலே கதை புரியாது. மூன்று வருஷத்துக்கு முன், வெளிநாட்டு ஷூ கம்பெனி ஒன்று இங்கிருக்கும் முதலாளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. நாற்பத்தொன்றாவது கேள்வி இது: "உங்கள் தொழிலாளர்களில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் இதயத் தசை எந்த நிலையில் இருக்கிறது?" முதலாளிகள் ஆடிப்போனார்கள். தொழிலாளிக்குக் கை இருப்பது அவர்களுக்குத் தெரியும், தோள் இருப்பதும் தெரியும். இதயத்தில் தசை இருக்கும், அதற்கு ஒரு நிலை இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. அவசரக் கூட்டம் போட்டு, முதலாளிகள் சங்கத் தலைவர் பொறுப்பில் மையம் தொடங்கினார்கள். பைபாஸ் ரோட்டோரம், தோலுக்குப் போடும் உப்பைக் கொட்டிவைத்த பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து எக்கோ மெஷினை இறக்கினார்கள். சுவரில் இன்னும் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது.

இயக்குநராக டாக்டர் பிரேம்நாத் வந்தார். படித்தவர், கெட்டிக்காரர், கார் கொடுத்திருந்தார்கள். முதல் மாதம் அவர் ஆளுக்குப் பத்தொன்பது எண்கள் போட்ட அறிக்கையைத் தலைவரிடம் கொண்டுபோனார். தலைவர் நாற்பது வருஷம் தோல் பார்த்தவர். அறிக்கையை மேசையில் போட்டுவிட்டு, "டாக்டர், எனக்கு எதுக்குப் பத்தொம்பது நம்பர்? ஒரு தோல் வந்தா நாங்க இன்னா பண்றோம்? கேஜ் வெச்சுக் கனம் பாக்கறோம், தரம் போடறோம், லாரில ஏத்தறோம். இதயத்துக்குக் கனம் இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். சுவர்க் கனம்னு ஒண்ணு இருக்கு."

"அதப் போடு."

அப்படித்தான் கையேடு பிறந்தது. இதயச் சுவர் பதின்மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஃபர்ஸ்ட். பதினொன்றுக்கு மேல் செகண்ட். ஒன்பதுக்கு மேல் தேர்ட். அதற்கும் மெல்லியதாக இருந்தால் ரிஜெக்ட், அவர்களுக்கு லேசான வேலை தரவேண்டும். கூடவே, இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தம் நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பாஸ். கொதிப்பு முட்டிமுட்டித்தான் இதயச் சுவர் தடிக்கிறது, தடிக்கத் தடிக்க அது விறைத்துக் கெடுகிறது என்று டாக்டர் பிரேம்நாத்துக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவர் அவர். கையேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அறிவியல் வேற, நிர்வாகம் வேற" என்று காரில் ஏறினார்.

வேந்தனுக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெள்ளைச் சட்டையில் மையத்துக்குப் போய் வரிசையில் நின்றான். கவுண்டரில் இருந்தவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்.

"நூத்திமுப்பத்தாறு. உனக்கு பிரஷர் இல்லியே?"

"மாத்திர போட்டுனு வந்தேன் சார்."

"மாத்திர போட்டுனு வந்தா எப்டிப்பா? இது பிரஷர் உள்ளவங்களுக்கான மையம். நூத்திநாப்பது இருந்தாத்தான் உள்ள விடுவோம். மூணு நாள் மாத்திரைய நிறுத்திட்டு வா."

மூன்று நாள் நிறுத்தினான். தலை வலி மண்டையைப் பிளந்தது. நாலாம் நாள் போனபோது நூற்றெண்பத்திரண்டு வந்தது. கவுண்டர்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யோவ், நூத்தியறுபதுக்கு மேல இருந்தா மெஷின் ரூமுக்குள்ள விடமாட்டோம். உள்ள எதுனா ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? போய் மாத்திர போட்டுட்டு வா."

"போட்டா கம்மியாயிடுதே சார்."

"கம்மியாகவும் கூடாது, ஜாஸ்தியாகவும் கூடாது. நடுவுல வா."

நடுவில் வருவது எப்படி என்று வாசலில் இருந்த டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. மையம் வந்த பிறகு அவர் உப்பு மோரும் விற்க ஆரம்பித்திருந்தார், ஒரு பெஞ்சும் போட்டிருந்தார். பிரஷர் ஏறவேண்டியவர்கள் உப்பு மோர் குடித்துவிட்டு பைபாஸ் பாலத்தை இரண்டு தரம் ஏறி இறங்க வேண்டும். இறங்க வேண்டியவர்கள் பெஞ்சில் கண்ணை மூடிப் படுக்கவேண்டும். யாருக்கு எது தேவை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மையத்தில் உருப்படியாக நோயாளியின் முகத்தைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். "ஒனக்கு அரை மாத்திர, அரை கிளாஸ் மோரு" என்று வேந்தனிடம் சொன்னார். ஐந்தாம் தடவை நூற்று நாற்பத்தெட்டு வந்தது. உள்ளே விட்டார்கள்.

மெஷின் ரூமில் லுப்னா இருந்தாள். எக்கோ எடுப்பதற்கென்றே படித்தவள், பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நெஞ்சில் குளிர்ந்த கூழைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் அவன் இதயம் கறுப்பு வெள்ளையில் துடித்தது. நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்ததை வேந்தன் அன்றைக்குத்தான் பார்த்தான். பாவம், ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அவள் ஏதேதோ கோடு இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடியும் இழுத்தாள். முகம் மாறிவிட்டது.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதாண்ணா?"

"ஆமாம்மா. படுத்தாலும் முட்டுது."

"வாங்கும். ரத்தத்த வெளிய தள்றது அறுபத்திரெண்டு இருக்குது, அது நல்லாத்தான் இருக்குது. அத மட்டும் பாத்தா ஒண்ணுமே இல்லன்னு சொல்லிடுவாங்க. ஆனா சதை நீளவாக்குல சுருங்கி நீளணும்ல, அது உங்களுக்கு நூத்துக்குப் பதிமூணுதான் இருக்குது. இருபதுகிட்ட இருக்கணும். சுவரு பதினஞ்சு மில்லிமீட்டர். பத்தத் தாண்டவே கூடாதுண்ணா."

வேந்தனுக்கு உடனே புரிந்தது. டிரம்முக்கு வருவதற்கு முன் மூன்று வருஷம் அவன் செலக்‌ஷன் மேசையில் தோலைப் புரட்டிப்போட்டுத் தரம் பிரித்தவன். "கனமா இருக்குது, ஆனா எண்ணெ ஏறாத தோல் மாதிரி வெறச்சினு இருக்குது. மடிச்சா கொடுக்காது. அதானம்மா?"

லுப்னா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அதேதாண்ணா. எங்க புரொபசர்கூட இவ்ளோ சுளுவா சொல்லல."

"இப்ப கண்டுபுடிச்சா சரி பண்ணிடலாமாம்மா?"

"லோடு தூக்கறத விட்டுட்டு மாத்திரைய ஒழுங்கா போட்டா நல்லா கொறையும்ணா. இன்னும் நேரம் இருக்குது."

நேரம் இருக்குது என்ற வார்த்தையில் வேந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் எடுத்த படிவத்தில் மூன்றே கட்டங்கள் இருந்தன. கனம், தள்ளும் அளவு, தரம். சதை எப்படிச் சுருங்கி நீள்கிறது என்று எழுத இடமில்லை. அவள் ஓரத்தில் சின்ன எழுத்தில், "சுருங்கும் திறன் 13, மோசம், லோடு தூக்கக்கூடாது" என்று எழுதி அடிக்கோடு போட்டு இயக்குநர் அறைக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்திருந்ததால் வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"படிவத்தோட ஓரம் எதுக்கு விட்டிருக்கோம், தெரியுமா? அழகுக்கு," என்றார் டாக்டர் பிரேம்நாத். "அதுல கிறுக்கினா பாக்கறவன் நம்ம மையத்தப் பத்தி இன்னா நெனைப்பான்?"

"சார், அவருக்கு நெஜமாவே உடம்பு சரியில்ல."

"உடம்பு சரியில்லாதவனுக்கு ஆஸ்பத்திரி இருக்கும்மா. இது தர நிர்ணய மையம்."

புதுப் படிவம் எழுதினார்கள். கனம் பதினைந்து, தள்ளும் அளவு அறுபத்திரண்டு. தரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் டாக்டர் எழுந்து தலைவருக்கே போன் போட்டார். மையம் திறந்த நாளிலிருந்து யாரும் பதினான்கைத் தாண்டியதில்லையாம். அரை மணியில் தலைவர் காரில் வந்து இறங்கி, வேந்தனைத் தலை முதல் கால் வரை பார்த்து, தோளைத் தட்டினார். ஆடிப்போன வேந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பதினஞ்சு! எந்தக் கம்பெனிப்பா நீ? பேஷ்!"

"ஐயா, எனக்குக் கீழ்த்தளத்துல ஒரு சேர் வேலை..."

"சேரா? ஃபர்ஸ்ட் செலக்‌ஷனத் தூக்கி சேர்ல போடுவாங்களா யாராவது?"

வேந்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. "ஐயா, நீங்க தோல்ல பழம் தின்னு கொட்டை போட்டவரு. கனமா இருக்குதுன்னு மட்டும் பாத்து ஃபர்ஸ்ட் போடுவீங்களா? மடிச்சுப் பாக்கமாட்டீங்க? இழுத்துப் பாக்கமாட்டீங்க? வெறச்ச தோல ஃபர்ஸ்ட்ல போட்டா கப்பல்ல போனது திரும்பி வராதா?" என்று கேட்டுவிட்டான்.

தலைவர் அவனை வேறு மாதிரி பார்த்தார். "செலக்‌ஷன் மேசைல இருந்தியா நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். டாக்டர் முத்திரையை எடுத்துப் படிவத்தில் குத்தினார். ஃபர்ஸ்ட்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கம்பெனியில் அவன் சட்டையில் குத்திக்கொள்ள வட்டமாக ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். ஃபர்ஸ்ட் இதயக்காரனுக்குத் தினமும் கூடுதலாக இருபது கட்டு என்று சூப்பர்வைசர் எழுதிப்போட்டார். பாஷா கூடமாட உதவக் கூடாது, உதவினால் சான்றிதழுக்கு அவமரியாதை. அளக்கும் மெஷின் பக்கத்து நாற்காலி, சுவர் எட்டரை மில்லிமீட்டர் என்று ரிஜெக்ட் ஆன, அதே கம்பெனியில் வேலை செய்த ஒரு கபடி ஆட்டக்காரனுக்குப் போயிற்று. பரிசோதனை அன்றைக்கு அவன் நாலு கிளாஸ் உப்பு மோர் குடித்து பிரஷர் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அவன் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், "எனக்கு ஒடம்பு நல்லாத்தான சார் இருக்குது" என்று கேட்டால், "ரிஜெக்ட் ஆளு, அசையாத" என்று அதட்டினார்கள்.

பாஷா கேட்கிறவனா? சூப்பர்வைசர் தலை மறைந்ததும் வேந்தன் கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். இருபது கட்டு கூடியதில் பாஷாவின் பங்கும் கூடியது. "ஒனக்கு பேட்ஜ் குத்திட்டானுங்கண்ணா, எனக்கு இன்னும் குத்தல. அதனால நான் தூக்கலாம்" என்று படியில் நின்று இளைத்துக்கொண்டே சிரித்தான்.

வீட்டில் பாக்கியம் பேட்ஜைப் பார்த்துவிட்டு முதலில் சந்தோஷப்பட்டாள். விஷயம் தெரிந்ததும் அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். "ஆள சாவடிக்கறதுக்கு சர்ட்டிபிகேட் வேற குடுக்கறானுங்களா, பாழாப்போனவனுங்க" என்று வாசலில் நின்று கத்தினாள். பிறகு அவளே பேட்ஜைத் தேடி எடுத்துத் துடைத்துச் சட்டையில் குத்தினாள். அது இல்லாமல் போனால் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

கார்த்திகை மாதம், கேள்வித்தாள் அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் நேரில் வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் ஃபர்ஸ்ட் இதயக்காரர்கள் ஏழு பேருக்கு நாற்காலி, நடுவில் வேந்தன். பின்னால் தட்டியில் அவன் இதயத்தின் எக்கோ படம் ஆள் உயரத்துக்குப் பெரிதாகத் தொங்கியது. முன் வரிசையில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கனம் எப்டி வந்துச்சு? சும்மா வந்துடுமா? வருஷக்கணக்கா மூணு மாடி ஏத்தி எறக்கி, உப்புலயும் சுண்ணாம்புலயும் ஊறவெச்சு, நாங்க பதப்படுத்தி எடுத்த கனம் இது! நாங்க மட்டும் இவங்களுக்கு லிஃப்ட் குடுத்திருந்தா இன்னிக்கு இந்தப் பதினஞ்சு நமக்குக் கெடச்சிருக்குமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து டாக்டர் பிரேம்நாத் பேசினார். "மருத்துவப் புத்தகத்துல பத்து மில்லிமீட்டர்தான் இருக்கணும்னு போட்டிருக்கான். அத எழுதினவன் குளிர் நாட்டுக்காரன், எங்க போனாலும் கார்ல போறவன். நம்ம நெலம அவனுக்கு எப்டித் தெரியும்? உண்மையச் சொன்னா, எனக்கும் வேலைக்குச் சேரும்போது தெரியாது. சேர்ந்த பிறகுதான் இங்க புரிய வெச்சாங்க" என்றார்.

பதக்கம் வாங்க வேந்தனைக் கூப்பிட்டார்கள். எழுந்தான். இரண்டடி வைத்தான். காலையிலேயே நாற்பது கட்டு தூக்கிவிட்டு வந்திருந்தான். மூச்சு மேலே இழுத்தது, கீழே இறங்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே மேடை நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். பாக்கியம் "ஐயோ" என்று அலறிக்கொண்டு மேடையில் ஏறினாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். டாக்டர் பிரேம்நாத் மைக்கை விடவில்லை. "உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னார். வெளிநாட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.

அன்று சாயங்காலம் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் வேந்தனைப் படுக்கவைத்திருந்தார்கள். லுப்னா தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். தலைவரும் டாக்டரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள்.

"சார், இப்பவாவது தரத்த மாத்துங்க," என்றாள் லுப்னா.

"தரத்த எறக்கினா, போட்டது தப்புன்னு ஆயிடும்," என்றார் டாக்டர். "மொத்தம் தொள்ளாயிரம் பேருக்குப் போட்டிருக்கோம்மா."

தலைவர் கட்டிலில் உட்கார்ந்து வேந்தன் கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே அன்பாகத்தான் பிடித்தார். "இதப் பாருப்பா. ஃபர்ஸ்ட் பீஸ் ஒண்ணு எல்லார் எதிர்லயும் இப்டி இளைச்சா நல்லா இருக்காது. ஒன்ன அங்க வெச்சிருக்க முடியாது. அன்னிக்கு என்னையே மடக்கிக் கேள்வி கேட்டியே, அப்பவே நெனச்சேன், இவன் செலக்‌ஷன் ஆளுன்னு. மையத்துல தரம் போட ஒரு மேஸ்திரி வேணும். கீழ்த்தளம், சேரு, ஃபேனு. மாடியே கெடையாது. லுப்னா அளவு எழுதிக் குடுக்கும், நீ கையேட்டப் பாத்து முத்திர குத்தணும். கையேட்டுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசினா மறுபடியும் மூணாவது மாடி. இன்னா சொல்ற?"

வேந்தன் பதில் சொல்வதற்குள் பாக்கியம் தலைவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள்.

நாற்காலி நல்ல நாற்காலி. குஷன் வைத்தது. வேந்தன் ஒழுங்காக மாத்திரை போட்டான், உப்பைக் குறைத்தான், படி ஏறுவதே இல்லை. இரண்டு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது, ஒரு தலையணையில் தூங்கினான். லுப்னா ஒரு நாள் மத்தியானம் யாருக்கும் தெரியாமல் அவனுக்கு மறுபடியும் எக்கோ எடுத்துப் பார்த்தாள். சதை சுருங்கும் திறன் பதின்மூன்றிலிருந்து பதினாறாக ஏறியிருந்தது. "தேறிக்கினீங்கண்ணா" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னபோது அவனுக்குத் தன் கையில் இருந்த முத்திரையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதற்குள் அவன் இருநூற்றுப் பத்துப் பேருக்குத் தரம் போட்டிருந்தான். முதல் பத்துப் பேருக்குப் போடும்போது ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் படிவத்தை மட்டும் பார்த்தால் சுளுவாக இருந்தது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மெஷின் ரூமிலிருந்து ஒரு படிவம் வந்தது. வழக்கமாக வாட்ச்மேன் கொண்டுவருவார், அன்றைக்கு லுப்னாவே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். கனம் பதினேழு. தள்ளும் அளவு ஐம்பத்தெட்டு. ஓரம் சுத்தமாக இருந்தது, அவள் இப்போதெல்லாம் ஓரத்தில் எழுதுவதில்லை. வாயால் சொன்னாள்.

"சுருங்கறது பத்துதான்ணா இருக்குது. உங்களோடதவிட ரொம்ப மோசம்."

வேந்தன் பேரைப் படித்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். கதவைப் பிடித்துக்கொண்டு ஹயாத் பாஷா நின்றிருந்தான். மூன்று மாதத்தில் கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் தொங்கியது. இப்போது இரண்டு பேர் வேலையையும் அவன் ஒருவனே பார்ப்பது வேந்தனுக்குத் தெரியும். வேந்தன் போன இடத்துக்குக் கம்பெனியில் ஆள் போடவில்லை.

"நீ இன்னிக்கு இருக்கியாண்ணா! அல்லா, இப்பதான் உசுரே வந்துச்சு." பாஷா எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "வீட்ல வஹீதா தொல்ல தாங்கலண்ணா. ராத்திரி எல்லாம் ஒக்காந்துக்கினே இருக்கேனாம், போய்க் காட்டு காட்டுன்னு ஒரே ரோதன. நான் சொன்னேன், வேந்தண்ணா அங்கதான் பாக்கறாரு, அவரு சொன்னா சரியா இருக்கும்னு. எப்டி இருக்குதுண்ணா?"

லுப்னா வேந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் பிரேம்நாத் போன் பேசிக்கொண்டிருந்தார். ரிஜெக்ட் முத்திரை இடது கைப்பக்கம் இருந்தது. அதைக் குத்தினால் பாஷாவுக்கு லேசான வேலை கிடைக்கும். சாயங்காலத்துக்குள் படிவம் திரும்பி வரும், பதினேழுக்கு ஏன் ரிஜெக்ட் என்று கேட்பார்கள், திங்கட்கிழமை வேந்தன் மூன்றாவது மாடிப் படியில் நிற்பான். ஒரு தலையணையில் தூங்கும் தன் புருஷனைப் பார்த்து பாக்கியம் தினமும் சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வேந்தன் செத்தால் அவளுக்கு யாரும் கிடையாது. பாஷா செத்தால் வஹீதாவுக்கு யாரும் கிடையாது. இதற்குக் கையேட்டில் கட்டம் இல்லை.

அவன் வலது கைப்பக்கத்து முத்திரையை எடுத்துக் குத்தினான்.

லுப்னா வெளியே போய்விட்டாள்.

"ஃபர்ஸ்டா?" பாஷா படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். "அப்போ பயம் ஒண்ணும் இல்லல்லண்ணா?"

"பயம் இல்ல பாஷா."

பாஷா அங்கேயே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான். உருதில்தான் பேசினான், பத்தொன்பது வருஷம் கூடவே இருந்ததில் வேந்தனுக்கு அந்தப் பேச்சு முழுக்கப் புரியும். கவலைப்படாதே வஹீதா, வேந்தண்ணாவே பார்த்துச் சொல்லிவிட்டார், அவர் என்னிடம் பொய் சொல்லமாட்டார் என்றான். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு லேட்டாயிடுச்சு, வர்றேண்ணா" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான்.

வேந்தன் மைப் பெட்டியில் முத்திரையை ஒற்றி வைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.